மேடம் சொன்ன எடை

கிள்ளான் பாசாரில் மீன்காரர் கையில் தொங்குமே, அந்த மாதிரித் தராசு அது. மேலே பிடிக்க ஒரு வளையம், கீழே ஒரு கொக்கி, நடுவில் சாஸர் அளவுக்கு ஒரு வட்ட முகம், அதில் ஒரு சிவப்பு முள். முகம் ஒரு பக்கம் மட்டும்தான். முதுகுப்பையைக் கொக்கியில் மாட்டி, இரண்டு கையாலும் வளையத்தைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குகிறவருக்கு முள் எங்கே நிற்கிறது என்று தெரியாது. எதிரில் நிற்பவர்தான் படித்துச் சொல்ல வேண்டும். கிள்ளானில் மேடம் வீட்டில் கார் நிறுத்தும் இடத்தில், ஒரு சனிக்கிழமை மாலை, நான் அப்படித்தான் என் பையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். மேடம் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, குனிந்து பார்த்து, “பன்னெண்டு. சரியா இருக்கு” என்றார். அப்போது எனக்கு வந்த பெருமையை நினைத்தால் இப்போதும் காது மடல் சூடாகிறது.

மேடம் எங்கள் அலுவலகத்தின் தலைமை அதிகாரி. துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குச் சுங்கத் தாள்கள் தயாரித்துக் கொடுக்கும் சின்ன நிறுவனம் எங்களுடையது. நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்காரி. தாத்தா காலத்திலிருந்து ரயில்வே குடும்பம், கத்தோலிக்கக் குடும்பம். காலையில் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு ஊரே நெரிசலில் ரயிலேறி வரும்போது, நான் எதிர்த்திசை ரயிலில் காலை நீட்டி உட்கார்ந்து கிள்ளானுக்கு வேலைக்குப் போவேன். அந்தச் சுகத்தை எல்லாரிடமும் சொல்லிப் பீற்றிக்கொள்வேன். ரயிலில் உட்கார்ந்து, அலுவலகத்தில் உட்கார்ந்து, வீட்டுக்கு வந்து தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து நான் எந்த உருவத்துக்கு வந்திருந்தேன் என்பதை மட்டும் யாரிடமும் பேசமாட்டேன்.

மேடத்துக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. அலுவலகத்துக்குக் கஞ்சி போட்ட பருத்திச் சேலையில் வருவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைப் பார்த்தால் அதே ஆள் என்று நம்ப முடியாது. முழங்கால் வரை காலுறை, ரப்பர்மரம் சீவுகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் காலணி, தலையில் ஒரு துண்டு. கிள்ளானில் ஒரு நர்ஸ் அக்காவும், பங்சாரில் பேங்க் வேலையில் இருந்த ஒரு தங்கச்சியும் அவரோடு மலை ஏறப் போவார்கள். ஒருநாள் மதியம் சாப்பாட்டு வேளையில் என்னையும் கூப்பிட்டார். சம்மதித்துவிட்டு வீட்டில் வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “நீயா? லிஃப்ட் ரிப்பேர்னா மூணாம் மாடிக்கே முனகுவே” என்றார். அந்தச் சிரிப்புதான் என்னை மலைக்கு அனுப்பியது. இதை நான் மேடத்திடம் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.

சின்னக் குன்றுகளில் ஏறி இறங்கிவிட்டுப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழை இலைக் கடையில் நாங்கள் நால்வரும் பசியாறுவோம். அங்கேதான் ஒருநாள் மேடம் தன் கையிலிருந்த வளையலைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “இதுதான் பாதை” என்றார். தித்திவங்சா மலைத்தொடரில், கேமரன் மலைப் பக்கமாக, ஒரு காய்கறித் தோட்டத்துச் சாலையில் நடக்கத் தொடங்கினால் மூன்று சிகரங்களைச் சுற்றிக்கொண்டு அதே சாலைக்கு வந்து சேரலாம். நான்கு நாள் நடை. மேடம் தன் நாற்பதுகளில் ஒரு கூட்டத்தோடு போயிருக்கிறார். இரண்டாம் நாள் ஒருவருக்குக் கால் பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் அவரை ஒரு துணையோடு திருப்பி அனுப்பிவிட்டு மேலே போகலாம் என்றார்கள். அந்தத் துணையாகத் திரும்பி வந்தவர் மேடம். திரும்பும் முன் எதிர்ப் பக்க முகட்டை, தான் நடக்காத பாதியை, நின்று பார்த்திருக்கிறார். அதைச் சொல்லும்போது வளையலின் அந்தப் பாதியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். “போறவங்க எல்லாரும் சேர்ந்து போகணும், சேர்ந்து வரணும். இல்லேன்னா போகவே வேணாம். இது ஏறி இறங்குற மலை இல்ல. பாதியில முடியலைன்னா, முன்னால போறதும் அவ்வளவு தூரம், திரும்பி வர்றதும் அவ்வளவு தூரம்” என்றார்.

அன்றிலிருந்து எங்களுக்குப் பேச்செல்லாம் அந்த வளையப் பாதைதான். வனத்துறை அனுமதி யார் எடுப்பது, வழிகாட்டியாக யாரைப் பிடிப்பது, எந்த இடத்தில் தண்ணீர் கிடைக்கும், எந்த இடத்தில் கிடைக்காமல் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பேசினோம். சாப்பாடு என் பொறுப்பு. நான் ஆட்டிறைச்சிப் பிரட்டல் கொண்டுவருகிறேன் என்றேன். பேங்க் தங்கச்சி, “அக்கா, நாம மலைக்குப் போறோமா, கல்யாணத்துக்குப் போறோமா?” என்று கேட்டாள். மேடம் சிரிக்காமல், ஈரமுள்ளது எதுவும் கனம் என்று எனக்கு விளக்கினார். நெத்திலிச் சம்பலை வறட்டி எடுப்பது எப்படி, பருப்பை வேகவைத்து உலர்த்திப் பொடியாக்குவது எப்படி என்று வீட்டுக்கு அழைத்துக் கற்றுக்கொடுத்தார். தன் பையைத் தானே சுமக்க வேண்டும், அது பன்னிரண்டு கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பது அவர் விதி. நர்ஸ் அக்கா ஒருமுறை என் பக்கம் பார்க்காமல், “கூலிக்கு ஆள் கிடைக்கும் மேடம், ஒரு பையை மட்டும் அவங்ககிட்ட கொடுக்கலாம்” என்றார். எந்தப் பை என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு மூக்கு நுனி வரை கோபம் வந்தது. “என் பையை நானே தூக்குவேன்கா” என்றேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

பயிற்சிக்கு மேடம் தேர்ந்தெடுத்த இடம் பத்துமலைப் படிகள். விடியலில் பையில் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு ஏறுவோம், இறங்குவோம், மறுபடி ஏறுவோம். சாமி கும்பிட வந்தவர்கள் எங்களைப் பார்த்து வேண்டுதல் என்று நினைத்து வழிவிடுவார்கள். ஒரு ஆன்டி என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போக, “ஆன்டி, நான் கிறிஸ்டியன்” என்று பதறினேன். “அதனால என்னம்மா, முருகன் பார்த்துக்குவான்” என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். மேடம் இரண்டு படிக்கு மேலே நின்று, நான் மூச்சு வாங்கி முடிக்கும்வரை, காலணிக் கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டிருந்தார். அந்த ரப்பர் காலணிக்குக் கயிறே கிடையாது. எனக்கு இது உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

தராசில் பை நிறுத்த மறுநாள், முழுச் சுமையோடு ஒத்திகை பார்க்க உலு லங்காட் பக்கம் ஒரு மலைக்குப் போனோம். பாதி ஏற்றத்திலேயே எனக்குக் கண் இருட்டிவிட்டது. ஒரு வேரில் உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. பை என்னைப் பின்பக்கமாக இழுத்து மல்லாக்கச் சாய்த்தது. கவிழ்த்துப் போட்ட ஆமைபோல் கையும் காலும் ஆட்டிக்கொண்டு கிடந்தேன். மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு சீன இளைஞர் கூட்டம் ஒதுங்கி நின்று, பிறகு இரண்டு பேராகச் சேர்ந்து என்னைத் தூக்கி நிறுத்தியது. இறங்கும்போது கயிறு பிடித்து இறங்க வேண்டிய ஒரு பாறையில் என் கால் நகர மறுத்தது. நர்ஸ் அக்கா கீழேயிருந்து என் பாதத்தைப் பிடித்து ஒவ்வொரு பிளவாக வைத்துவிட்டார். பையை மேடம் தன் நெஞ்சுப்பக்கம் மாட்டிக்கொண்டு இறங்கினார். கீழே வந்ததும் நான், “காலையில சாப்பிட்ட தோசை ஒத்துக்கல மேடம். அந்தப் பயணத்துல பாருங்க, எப்படி நடக்கிறேன்னு” என்றேன். மேடம் தலையை மட்டும் ஆட்டினார்.

அனுமதி வந்துவிட்டது. வழிகாட்டியோடு நாள் பேசி முடித்தாயிற்று. என் மாமியார் வீட்டில், தேவாலயத்தில், ரயிலில் தினமும் பார்க்கிற பெண்ணிடம்கூட நான் சொல்லிவைத்திருந்தேன். உள்ளுக்குள் பயம். படுத்தால் அந்தப் பாறை வரும். ஆனால் வரவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் வீட்டுக்காரர் எப்படிச் சிரிப்பார் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு அதே வாழை இலைக் கடையில் மேடம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். “சித்தியவான்ல எங்க பெரியப்பா தவறிட்டாரு” என்றார். அப்பாவின் கூடப்பிறந்த ஒரே அண்ணன், சைக்கிள் கடை வைத்திருந்தவர், தன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர் என்றார். “தீட்டு. ஒரு வருஷத்துக்கு நான் மலை ஏறக் கூடாது. இந்த வருஷம் வேணாம். அடுத்த வருஷம் இதே நேரத்துல போவோம்.” பேங்க் தங்கச்சி குவளையைக் கீழே வைத்துவிட்டு, “ஆனா மேடம், உங்களுக்கு...” என்று ஆரம்பித்தாள். நர்ஸ் அக்கா மேஜைக்கடியில் ஏதோ செய்ய, அவள் துள்ளி நிமிர்ந்து வாயை மூடிக்கொண்டாள்.

இங்கே நான் நுழைந்தேன். சும்மா இருந்திருக்கலாம். பேங்க் தங்கச்சியைப் பார்த்து, “இதுல என்ன ஆனா? பெரியவங்க சம்பிரதாயம். நமக்கு ஒரு பயணம்தானே, அவங்களுக்கு அது சாவு. மதிக்கக் கத்துக்கணும் லா” என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். அந்த மேஜையில் தீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரே ஆள் நான்தான். இந்து நண்பர்களின் வழக்கத்தில் கேள்வி கேட்கக் கூடாது என்று என் அம்மா என்னை வளர்த்திருந்தார். கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்தேன். போதாததற்கு, “பெரியப்பா பேரைச் சொல்லுங்க மேடம், எங்க கோயில்ல அவருக்காகப் பூசை வைக்கிறேன்” என்றேன். மேடம் திடுக்கிட்டார். “அதெல்லாம் எதுக்கும்மா” என்றார். நான் விடவில்லை. கடைசியில், இலையைப் பார்த்தபடி, ஒரு பெயரைச் சொன்னார். அந்த வாரமே பாதர் அந்தப் பெயரை வாசித்தார். நான் மெழுகுவர்த்தி ஏற்றி, அந்த ஆன்மா இளைப்பாற வேண்டும் என்று முட்டி போட்டு மன்றாடினேன். உண்மையைச் சொன்னால், அந்த மன்றாட்டில் பாதி நன்றிதான். அவர் செத்து என்னைக் காப்பாற்றியிருந்தார்.

அதற்குப் பிறகுதான் நான் இன்று வரை தலைகுனியும் அந்த ஒரு வருடம் வந்தது. சனிக்கிழமைதோறும் மேடம் போன் செய்வார். “நாளைக்குக் காலையில சும்மா ஒரு நடை போவோமா?” என்பார். “பத்துமலையா? வேணாம் மேடம், உங்களுக்குத் தீட்டு” என்பேன். “பத்துமலை இல்லம்மா, அங்கல்லாம் நான் வரக் கூடாதுதான். சின்னக் குன்றுதான்.” “குன்றும் மலைதானே மேடம்.” “நான் கீழ உட்கார்ந்திருக்கேன், நீ ஏறிட்டு வா.” “ஐயோ, நீங்க கீழே உட்கார்ந்திருக்க நான் ஏறுறதா? எனக்கு மனசு வராது மேடம். உங்க துக்கத்துல நானும் பங்கு எடுத்துக்கிறேன்.” இப்படிச் சொல்லிவிட்டுப் போனை வைத்து, பரோட்டா வாங்கிவர வீட்டுக்காரரை அனுப்புவேன். எனக்கு மலை ஏறச் சோம்பல். அந்தச் சோம்பலுக்கு மேடத்தின் தீட்டைவிட நல்ல போர்வை கிடைக்கவில்லை. அதிலும் வேடிக்கை, அந்தப் போர்வையைப் போர்த்திக்கொண்டு நான் ரொம்பப் பக்குவமான மனுஷி என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன். ஒரு நாள் அலுவலகத்தில் மின்தூக்கி பழுதாகி மேடம் மாடிப்படியில் ஏறப் போனபோது, “பரவாயில்லையா மேடம்?” என்று கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அது கோபமா, அலுப்பா என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

அந்த வருடம் முடியுமுன்பே மேடத்தின் முழங்கால் வீங்கிவிட்டது. முதலில் தைலம், பிறகு ஊசி, பிறகு டாக்டர். சமதரையில் நடக்கலாம், சுமை தூக்கக் கூடாது, இறக்கம் கூடவே கூடாது என்று டாக்டர் சொன்னதை, கப்பல் தாமதம் என்பதுபோல் எங்களிடம் சொன்னார். வளையத்தைப் பற்றி அதன்பின் பேச்சு வரவில்லை. அறுபதில் ஓய்வுபெற்றார். பிரிவு விருந்தில் நான்தான் பேசினேன். அவருடைய பக்தியைப் பற்றியும் நியமத்தைப் பற்றியும், ஒரு பெரியப்பாவுக்காக ஒரு வருடம் மலையையே துறந்ததைப் பற்றியும் நீட்டி முழக்கினேன். கூட்டம் கைதட்டியது. மேடம் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுகிறார் என்று நினைத்தேன்.

மேடத்தின் மகனுக்குக் கல்யாணம் நடந்தது கிள்ளானில் ஒரு மண்டபத்தில். பந்தியில் என் பக்கத்து இலையில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். எண்பது தாண்டியிருக்கும். பல் எல்லாம் சொந்தப் பல். அப்பளத்தை நொறுக்குகிற சத்தத்திலேயே அது தெரிந்தது. நான் மரியாதைக்காக, “நீங்க எங்கேருந்து வரீங்க அங்கிள்?” என்று கேட்டேன்.

“சித்தியவான். மாப்பிள்ளையோட அம்மா எனக்குத் தம்பி மக. என் தோள்ல வளர்ந்த பிள்ளை.”

என் கையில் இருந்த சோறு இலையில் விழுந்தது. “மேடத்தோட பெரியப்பா ஒருத்தர்... சைக்கிள் கடை வச்சிருந்தாரே?”

“அந்தக் கடைதான்மா. இப்ப பேரன் பார்க்கிறான். மோட்டார் சைக்கிளும் எடுக்கிறான்.”

“அவங்களுக்கு வேற பெரியப்பா...?”

“நான் ஒருத்தன்தான்” என்று பெரியவர் சிரித்துவிட்டுப் பாயாசத்தை இன்னொரு தடவை கேட்டார். நான் பெயரைக் கேட்டேன். சொன்னார். பாதர் பலிபீடத்திலிருந்து வாசித்த அதே பெயர். நான் யாருடைய ஆன்மா இளைப்பாற மெழுகுவர்த்தி ஏற்றினேனோ, அவர் என் தோளோடு தோள் உரச உட்கார்ந்து, பாயாசத்தில் முந்திரி குறைவு என்று பரிமாறுகிற பையனிடம் குறைபட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தேன். மண்டபத்தின் அந்தக் கோடியில், சம்பந்தி அம்மாவோடு பேசிக்கொண்டிருந்த மேடம், பேச்சை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டது யார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நான்தான்.

திரும்பும்போது நர்ஸ் அக்கா காரில் என்னை ஸ்டேஷனில் விட வந்தார். “உங்களுக்குத் தெரியுமாக்கா?” என்று கேட்டேன். அவர் சாலையைப் பார்த்தபடியே பேசினார். “கல்யாணம் கட்டிக்கொடுத்த பொண்ணுக்குப் பெரியப்பா வீட்டுத் தீட்டு எங்க வீட்டுல மூணு நாளு. அதுவும் கோயில் மலைக்குத்தான் ஆகாதுன்னு சொல்வாங்க, காட்டு மலைக்கு ஏது தீட்டு? மேடம் சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு. சின்னவளுக்குத்தான் புரியல, கால்ல ஒரு மிதி கொடுத்தேன்.” பிறகு மெதுவாக, “உன்னை விட்டுட்டு அவங்க போகமாட்டாங்க. உன்னைக் கூட்டிக்கிட்டுப் போனா நீ உயிரோட திரும்பணும். வராதேன்னு சொன்னா உன் வீட்டுல உனக்குத் தலைகுனிவு. என்ன செய்வாங்க? ஒரு வருஷம் தள்ளிப் போட்டா நீ தயாராயிடுவேன்னு நினைச்சாங்க” என்றார்.

ரயிலில் நான் காலை நீட்டி உட்காரவில்லை. அந்த வருடம் எனக்காக எடுக்கப்பட்டது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஒரு மனுஷி, தன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவரைச் சாகடித்து அதை எடுத்துக் கொடுத்தார். அவருடைய முழங்காலில் மிஞ்சியிருந்த கடைசி வருடம் அது. அதை நான் பரோட்டாவாகத் தின்றேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் என் கால்களைத் தயார்செய்ய அவர் போன் செய்தார். அவர் சொன்ன பொய்யையே எடுத்து நான் அவர் வாயை அடைத்தேன். “அது பொய்டி, எழுந்து வா” என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும், எல்லாம் நேராகியிருக்கும். சொல்லியிருந்தால் நான் அவமானப்பட்டிருப்பேன். அந்த அவமானம் எனக்கு வரக் கூடாது என்று அவர் வாயை மூடிக்கொண்டார். ஒருவர் நம்மைத் திட்டி வெட்கப்படுத்தினால் பதிலுக்குத் திட்டி ஆறிவிடலாம். வெட்கப்படுத்தக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தவரிடம் போய் என்ன சொல்வது? மன்னிப்புக் கேட்டால் அவர் மூடிவைத்ததை நான் திறந்ததாகிவிடும். கேட்காமலும் இருக்க முடியவில்லை. கண்ணாடி ஜன்னலில் என் முகம் தெரிந்தது. முந்தானையால் மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் எனக்குக் குளிர்கிறது என்று எண்ணி இடம் மாற்றிக்கொள்ளச் சொன்னார்.

மன்னிப்புக் கேட்கவில்லை. நடந்தேன். மறுநாளிலிருந்து எங்கள் அடுக்குமாடியில் லிஃப்டைத் தொடவில்லை. முனகிக்கொண்டே ஏறினேன். வீட்டுக்காரர் சிரித்தார். சில மாதத்தில் சிரிப்பதை நிறுத்தினார். பிறகு தானும் கூட வந்தார். விடியலில் பத்துமலைப் படி, ஞாயிறு குன்று, மாதம் ஒருமுறை பெரிய மலை. அந்தப் பாறைக்கே மறுபடி போய், கயிற்றைப் பிடித்து, யாரும் பாதத்தை எடுத்து வைக்காமல் இறங்கினேன். இரண்டு வருடம் ஆனது. போன மாதம் நர்ஸ் அக்காவும் பேங்க் தங்கச்சியும் நானும் அந்த வளையப் பாதைக்கு அனுமதி வாங்கினோம். நால்வரில் மூவர். மேடத்திடம் சொல்லத்தான் எனக்கு நா எழவில்லை. நர்ஸ் அக்காதான் சொன்னார். அன்று மாலையே மேடம் எனக்குப் போன் செய்தார். “பையைக் கட்டிட்டு எடுத்துட்டு வா. நிறுத்துப் பார்க்கணும்” என்றார்.

போன சனிக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு கிள்ளானுக்கு ரயிலேறினேன். கார் நிறுத்தும் இடத்தில் மேடம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் பட்டை. மடியில் அந்தத் தராசு. முள் கொஞ்சம் வெளுத்திருந்தது. கையில் அந்த வளையல் இல்லை. விரல் கணு வீங்கிவிட்டதால் அதைப் போட முடியவில்லையாம். நான் பையைக் கொக்கியில் மாட்டி, வளையத்தைப் பிடித்து, அவர் முகத்துக்கு நேராகத் தூக்கினேன். மேடம் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார்.

“பன்னெண்டு. சரியா இருக்கு.”

அதே சொல், அதே குரல். இந்த இரண்டு வருடத்தில் என் தோளுக்குக் கனம் தெரியும். இது பன்னிரண்டு இல்லை.

“மேடம்” என்றேன். “இந்தத் தடவையாவது உண்மையைச் சொல்லுங்க.”

மேடம் என்னைப் பார்த்தார். பெரியப்பா, பூசை, சனிக்கிழமைகள் எல்லாமே அந்தப் பார்வையில் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றன. எனக்குத் தரைக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. ஆனாலும் இந்த முறை நான் கண்ணைத் தாழ்த்தவில்லை.

“பதினஞ்சு” என்றார்.

“அன்னிக்கு?”

“அன்னிக்கு அதுக்கும் மேல.” பையை நோக்கிக் கை காட்டினார். “இறக்கு. திற.”

தரையில் உட்கார்ந்து அவர் காலடியில் பையைத் திறந்தேன். அவர் சொல்லச் சொல்ல எடுத்து வெளியே வைத்தேன். இரண்டாவது துவாலை, பெரிய சவர்க்காரக் கட்டி, யாருக்கும் தேவைப்படாத ஒரு குடை. அடியில், துணியில் சுற்றி, ஒரு புட்டி ஆட்டிறைச்சிப் பிரட்டல். மேடம் அதைக் கையில் வாங்கி, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, “இது இங்கயே இருக்கட்டும்” என்று நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார். வாரை இழுத்துக் கட்டினேன். தூக்கப் போனேன். மேடம் என் கையைத் தட்டிவிட்டார். நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து, வளையத்தை இரண்டு கையாலும் பற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு என் பையை அவரே தூக்கினார். தராசின் முகம் என் பக்கம் இருந்தது.

“நீயே படி” என்றார். “சீக்கிரம் படி லா, கை வலிக்குது.”

முள் நின்ற இடத்தை உரக்கப் படித்தேன்.